மாப்பிள்ளையின் என்ஜின்

காதுக்காரர் எங்கே என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் கை காட்டிவிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் பெண்டாட்டியே இரண்டு நிமிஷம் யோசிப்பாள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற என்ஜின்மேல் வைப்பார், பிடியைக் காதில் அழுத்துவார், கண்ணை மூடிக்கொள்வார். அப்புறம், "எக்ஸாஸ்ட் வால்வு ஒண்ணு லூஸா இருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் இருக்கும். ஒரு தடவையாவது தப்பாகச் சொன்னால் வாய்விட்டுச் சிரிக்கலாம் என்று பக்கத்துப் பட்டறை லேத்காரர் இருபது வருஷமாகக் காத்திருக்கிறார். அந்த நாள் வந்தபாடில்லை.

அவருடைய வேலை ஏடிவி வண்டிகள். நான்கு தடித்த சக்கரம், நடுவில் கால் போட்டு உட்காரும் சீட், மண்ணிலும் மேட்டிலும் ஏறுவதற்கென்றே செய்தவை. ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரி ஒன்று உண்டு. வாரக் கடைசியில் இருபது முப்பது பேர் அங்கே போய்ச் சரிவில் ஏறுவார்கள், விழுவார்கள், திங்கட்கிழமை காலை வண்டியை இவரிடம் தள்ளிக்கொண்டு வருவார்கள். கம்பெனி கொடுத்த வேகம் யாருக்குப் போதும்? பழைய பிஸ்டனைக் கழற்றிவிட்டுத் தலை புடைத்து, உள்ளே பெட்ரோலை இன்னும் இறுக்கி அழுத்தும் ஹை கம்ப்ரஷன் பிஸ்டன், முரட்டு கேம் ஷாஃப்ட், கெட்டி வால்வு ஸ்பிரிங் என்று வெளியிலிருந்து சாமான் வாங்கிக் கொடுத்து, "அண்ணே, பறக்கணும்" என்பார்கள். பறக்கவைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் அளவாக முடுக்கி, முடுக்கியதற்கு அடையாளமாக வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுப்பார்.

இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு மூன்று வருஷமாகக் காதில் ஒரு 'டிக்' சத்தம்.

முதலில் வீட்டு ஃபேன் என்று நினைத்தார். மூன்று தடவை இறக்கிப் பிரித்தார். அப்புறம் குளியலறைக் குழாய். அப்புறம் சுவர்க் கடிகாரம். அதன் பேட்டரியைப் பிடுங்கிப் போட்டார். "ஃபேனு, குழாய், கடிகாரம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க காதைத்தான் கழட்டி ஆயில் போடணும்" என்றாள் பெண்டாட்டி. அவர் சிரிக்கவில்லை. அது எதனுடைய சத்தம் என்று உள்ளுக்குள் அவருக்குத் தெரியும்.

பட்டறையின் பின்மூலையில், கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், தார்ப்பாய் போர்த்திய வண்டி ஒன்று நிற்கிறது. அவர் தங்கச்சி புருஷனுடையது. அந்த வண்டி வந்து நின்ற நாளிலிருந்து அவர் அந்தத் தொட்டியில் கை கழுவியதில்லை. கிரீஸ் கையோடு தெருக்குழாய்க்குப் போவார். பின்கதவைத் திறந்தால் காற்றில் தார்ப்பாய் உப்பும். சீட்டின்மேல் யாரோ நிமிர்ந்து உட்கார்வதுபோல் தோன்றும். பின்கதவுக்கு ஆணி அடித்துவிட்டார். கேட்டவர்களிடம் எலித் தொல்லை என்றார். ஆணி அடித்தால் எலி வராதா என்று லேத்காரர் கேட்டதற்கு, சுத்தியலை எடுத்து இன்னொரு ஆணி அடித்தார்.

மாப்பிள்ளை நல்ல மனுஷன். வாயைத் திறந்தால் கேலிதான். "மச்சான், உன் தங்கச்சிய கட்டுனதே உன் கைவேலை ஓசில கிடைக்கும்னுதான்" என்பான். அவனுக்காகக் காதுக்காரர் பார்த்துப் பார்த்துக் கட்டிய என்ஜின் அது. மாட்டி முடித்த சனிக்கிழமை ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டார். ஒரு குறை இல்லை. மறுநாள் குவாரியின் பெரிய சரிவில் முக்கால்வாசி ஏறியபோது என்ஜின் அப்படியே இறுகி நின்றது. பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டன. வண்டி பின்பக்கமாக மல்லாந்து அவன்மேலேயே விழுந்தது. தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் காதுக்காரரும் ஒருவர். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

அன்று மாலைதான் அவருக்கு அந்த 'டிக்' ஞாபகம் வந்தது.

பிஸ்டனையும் அதைத் தாங்கும் ராடையும் கோத்துப் பிடிக்க நடுவில் ஒரு பின் உண்டு. அந்தப் பின் நழுவி வெளியே வராமல் இரண்டு பக்கமும் சின்னக் கம்பி வளையம் போடுவார்கள். கிளிப் என்று பெயர், விரல்நகம் அளவுதான் இருக்கும். புதுப் பிஸ்டனுக்குப் புது கிளிப்தான் போட வேண்டும். பழையது அதன் பள்ளத்தில் சரியாக உட்காராது. உட்காராத கிளிப் ஓட்டத்தில் தெறித்தால் பின் நகர்ந்து சிலிண்டரைக் கிழிக்கும், என்ஜின் இறுகிவிடும். அந்த வெள்ளிக்கிழமை இரண்டாவது கிளிப்பை மாட்டும்போது அது குறட்டிலிருந்து தெறித்து எங்கோ போய் 'டிக்' என்று விழுந்தது. குனிந்து தேடினார். மேஜைக்கு அடியில் ஒன்று கிடந்தது. எடுத்தார், மாட்டினார்.

அவர் எடுத்தது புதுசா? அதே மேஜையிலிருந்துதானே பழைய கிளிப்புகளையும் தட்டிவிட்டிருந்தார்? பழைய கிளிப்புக்கு நுனியில் சின்ன மூக்கு இருக்கும், புதுசுக்கு மூக்கு கிடையாது. மூக்கு இருந்ததா, பார்த்தாரா? எத்தனை தடவை கண்ணை மூடி யோசித்தாலும் அந்த இடத்தில் மட்டும் விரல்தான் தெரிந்தது, கிளிப் தெரியவில்லை. என்ஜினைப் பிரித்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதற்காகவே மூன்று வருஷமாகப் பிரிக்கவில்லை. மாப்பிள்ளையைக் கொன்றது தன் கைதான் என்று சந்தேகப்படுவது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்குக் குற்றம் உண்டா என்று தெரியாமலே குறுகுறுத்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் தங்கச்சி ஒரு பெட்டியோடு பட்டறைக்கு வந்தாள். முப்பத்தெட்டு வயது, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள், நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்காரவைப்பாள். அவருக்கு அவள் இன்னும் 'பாப்பா'தான். பெட்டியை மேஜையில் வைத்தாள். பிஸ்டன், ரிங், கேஸ்கெட், கேம் ஷாஃப்ட் எல்லாம் இருந்தன. அன்றைக்கு மாப்பிள்ளைக்குப் போட்ட அதே மாடல்.

"வண்டிய மறுபடி கட்டணும்ண்ணா" என்றாள்.

"இப்ப எதுக்கு பாப்பா? அது பாட்டுக்குக் கிடக்கட்டுமே."

"கிடந்தது போதும். நான் ஓட்டப்போறேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமான்னு வெச்சுக்கோ. பிரிக்கிறப்ப நான் கூட இருக்கணும். வியாழக்கிழமை வேனுக்கு லீவு, அன்னிக்கு வர்றேன்." ஆணி அடித்த பின்கதவைப் பார்த்தாள், தார்ப்பாயைப் பார்த்தாள், போய்விட்டாள். அவள் மெலிந்திருந்தது அப்போதுதான் காதுக்காரருக்கு உறைத்தது.

அன்றிலிருந்து அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் முன்னால் பிரித்து, அந்த மூக்கு வைத்த கிளிப் அவள் கண்முன்னே வெளியே வந்தால்? யோசித்து யோசித்து, கோழைகள் செய்வதைத்தான் செய்தார். புதன்கிழமை காலை பட்டறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு தனியாகத் தார்ப்பாயை விலக்கினார்.

வண்டி குளிர்ந்து கிடந்தது. இருந்தாலும் கை வைப்பதற்கு முன்னால் என்ஜின் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். ஹேண்டிலில் மாப்பிள்ளை சுற்றிய கறுப்பு டேப் அப்படியே இருந்தது. பெட்ரோல் டேங்க் விபத்தில் பிளந்து காய்ந்திருந்தது. "மாப்ள, கொஞ்சம் தள்ளிக்கோ" என்று வாய்விட்டுச் சொன்னார். சீட்டின் பக்கம் பார்க்காமலே போல்ட்டுகளைத் தளர்த்தினார். அவர் போட்ட வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றும் நேராக இருந்தன, எதுவும் நகரவில்லை.

என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கியபோது பிஸ்டன் தலை கரியும் துருவுமாக இருந்தது. அதை அவர் துடைக்கக்கூட இல்லை. சிலிண்டர் பிஸ்டனோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. எண்ணெய் ஊற்றி, ஊறவைத்து, மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டினார். தட்டத் தட்ட அழுகை முட்டியது. கடைசியில் சிலிண்டர் கழன்று வந்தது. இடது பக்க கிளிப் இருந்தது, மூக்கு இல்லை. பிஸ்டனைத் திருப்பினார். வலது பக்கமும் இருந்தது. அதுவும் மூக்கில்லாதது, புதுசு, பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தார், அசையவில்லை.

"ஐயோ, நான் இல்லடா! மாப்ள, நான் இல்லடா!" என்று கத்திவிட்டார். அம்பத்திரண்டு வயது மனுஷன் தரையில் உட்கார்ந்து முழங்காலில் அடித்துக்கொண்டு அழுதார், சிரித்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. சத்தம் கேட்டு லேத்காரர் வந்து கதவைத் தட்டினார். உள்ளே விட்டதும் முகத்தைப் பார்த்தார், பிரித்துப் போட்ட என்ஜினைப் பார்த்தார், பக்கத்தில் குந்தினார்.

அப்புறம்தான் காதுக்காரர் பிஸ்டன் தலையை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார். கரி போனதும் அலுமினியம் முழுக்கப் பொடிப்பொடிக் குழிகள், செல்லரித்த கட்டைபோல். ஓரம் ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது. ரிங் உட்காரும் வரம்பு உடைந்து கிடந்தது. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் அலுமினியத் துளிகள் ஒட்டியிருந்தன. லேத்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது சாதா பெட்ரோல் வேலை" என்றார்.

காதுக்காரருக்கும் அது தெரிந்துவிட்டது. கம்ப்ரஷன் ஏற்றிக் கட்டிய என்ஜினுக்குப் பந்தயப் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். சாதாவை ஊற்றி முழு வேகத்தில் மேடு ஏறினால் அது நேரம் கெட்டு வெடித்து வெடித்துப் பிஸ்டனைத் தின்றுவிடும். மாப்பிள்ளைக்கு அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், தனி கேனும் வாங்கிக் கொடுத்திருந்தார். "சோம்பேறிப் பய! கேன் காலியாயிருந்தா என்கிட்ட வர வேண்டியதுதானே?" என்று செத்தவனைத் திட்டினார். திட்டத் திட்ட மனசு லேசானது. மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் தொட்டியில் கை கழுவினார். நாளைக்குத் தங்கச்சியிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்தார்: தப்பு என்மேல இல்ல பாப்பா, உன் வீட்டுக்காரன்தான் அவசரப்பட்டுட்டான்.

தங்கச்சி மறுநாள்வரை காத்திருக்கவில்லை, அன்றைக்கே மத்தியானம் வந்துவிட்டாள். பிரித்துக் கிடந்த என்ஜினைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். லேத்காரர் நழுவிவிட்டார். காதுக்காரர் கையிலிருந்த துணி எப்படியோ பிஸ்டன்மேல் விழுந்தது.

"நான் இல்லாம பிரிச்சுட்டியா? சரி, விடு. என்னால நாளை வரைக்கும் தாங்க முடியல, அதான் வந்துட்டேன்." ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அண்ணா, நீ எதும் சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். யாருக்கும் சொல்லல. அவர் போனதுக்கு முந்தின நாள் எங்களுக்குள்ள சண்டை. ஞாயித்துக்கிழமையானா குவாரி, வீடே கிடையாதான்னு கத்திட்டேன். காலைல மனசு கேக்கல. அவர் தூங்கிக்கிட்டு இருந்தார். டேங்க்ல ஒண்ணுமே இல்ல, கேனும் காலி. முக்கு பங்க்ல போய் ஃபுல்லா ஊத்திட்டு வந்து நிறுத்தினேன். எழுந்ததும் பாத்து சந்தோஷப்படுவார்னு. நான் சொல்லக்கூட இல்ல. அவர் ஏதோ நீதான் ஊத்தி அனுப்பியிருக்கேன்னு நினைச்சு, 'மச்சான் மச்சான்தான்'னு சொல்லிட்டுக் கிளம்பிட்டார்."

காதுக்காரருக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன.

"போன மாசம் பங்க்ல ரெண்டு பசங்க பேசிக்கிட்டாங்க. பிஸ்டன் மாத்தின வண்டிக்கு சாதா பெட்ரோல் ஊத்தினா என்ஜின் வெடிச்சு இறுகிடுமாமே? எனக்கு டீசலும் பெட்ரோலும் தெரியும்ண்ணா. பெட்ரோல்லயே ரெண்டு வகை இருக்குன்னு எனக்கு யார் சொன்னா? ஒரு மாசமா சோறு இறங்கல. ஸ்டியரிங்கப் பிடிச்சா ரோட்டுல கவனம் நிக்கல. பின்னாடி நாப்பது பிள்ளைங்க உக்காந்திருக்கு." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "சொல்லுண்ணா. எதனால நின்னுச்சு? நானா?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அதுதான் இது. ஹை கம்ப்ரஷன் கட்டித் தரும் ஒவ்வொரு வண்டிக்கும் காதுக்காரர் பெட்ரோல் மூடியில் சிவப்புப் பெயின்ட் அடித்துத்தான் அனுப்புவார். யார் கை மூடியைத் திறந்தாலும் இது என்ன சிவப்பு என்று ஒரு கேள்வி கேட்கட்டும் என்பதற்காக. அவரே வைத்துக்கொண்ட வழக்கம். மாப்பிள்ளை வண்டிக்கு மட்டும் அடிக்கவில்லை. நம் வீட்டு வண்டிதானே, மாப்பிள்ளைக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டார். ஊரான் வண்டிக்கு இருந்த அக்கறை வீட்டு வண்டிக்கு இல்லாமல் போனது. காலையில் தரையில் புரண்டு சிரித்த மனுஷனுக்கு இதெல்லாம் ஒரு மூச்சில் புரிந்தது. ஆனால் சிவப்புப் பெயின்ட் கதையைச் சொன்னாலும் முடிவில் பெட்ரோல் பெட்ரோல்தான், ஊற்றிய கை அவள் கைதான்.

"நீ இல்ல பாப்பா" என்றார்.

"பின்ன?"

"நான்தான்." மேஜையடியில் பழைய கிளிப்புகள் போட்டுவைக்கும் டப்பா இருந்தது. குனிந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அதிலிருந்து கோணலான ஒன்றை எடுத்தார். அவள் உள்ளங்கையில் வைத்தார். "இங்க பாரு, நுனியில மூக்கு மாதிரி இருக்கா? இது பழசு. புதுசு போட வேண்டிய இடத்துல இதப் போட்டுட்டேன். தெறிச்சிடுச்சு. பின் நகர்ந்து என்ஜின் இறுகிடுச்சு. எனக்கு அன்னைக்கே சந்தேகம். அதான் இத்தனை நாளா பிரிக்கல."

மூன்று வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்குமூலம், ஒரு சொல் தடுக்காமல் வந்தது. கடைசியில் சொன்ன சந்தேகமும் பிரிக்காததும் மட்டும்தான் நிஜம். அதைவைத்தே அவள் எல்லாவற்றையும் நம்பினாள். ஆணி அடித்த கதவை அவள் பார்த்திருந்தாள் அல்லவா?

"அப்ப பெட்ரோல் இல்ல?"

"பெட்ரோலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பங்க்ல நிக்கிற பசங்களுக்கு என்ன தெரியும்?"

"இந்தப் புது பிஸ்டன் போட்டா? அதுக்கும் சாதா பெட்ரோல் ஊத்தலாமா?"

அவள் சோதிக்கிறாள் என்று தெரிந்தது. "தாராளமா ஊத்தலாம்" என்றார்.

தங்கச்சி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு மாதச் சுமை அப்படியே இறங்கி ஓடுவதை அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். தோளைத் தொடப் போனார். அவள் நிமிர்ந்தபோது கண்ணில் வேறு எதுவோ இருந்தது.

"மூணு வருஷமா என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டியே. எப்படி இறங்குச்சு?" கிளிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வண்டிய முடிச்சு வைங்க. வந்து எடுத்துக்கறேன்."

அவர் பொய்க்கு உடனே வேலை வந்துவிட்டது. அவள் நிச்சயம் சாதா பெட்ரோல்தான் ஊற்றுவாள். பெட்டியில் இருக்கும் பிஸ்டனைப் போட்டால் அவளையும் அந்தச் சரிவில் தூக்கப் போக வேண்டியதுதான். காதுக்காரர் புதுப் பிஸ்டனைக் காகிதத்தில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் தள்ளினார். கம்பெனி பிஸ்டனை வரவழைத்தார், தட்டையான தலை, சாதுவான கம்ப்ரஷன். சிலிண்டரை அந்த அளவுக்குக் கடைந்து தரச் சொன்னபோது லேத்காரர் அளவுச்சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு கேட்டிருக்கேன். பழிய இப்படி வலியப் போய் வாங்குற ஆள இப்பத்தான் பாக்கறேன். தெருவே பேசுது. உன் தங்கச்சி எல்லார்கிட்டயும் சொல்லிட்டா, தெரியுமா?"

"தெரியும். சிலிண்டர எப்ப தருவ?"

"இந்தப் பிஸ்டனோட அது குவாரி ஏறாதுடா. உன் கைல கட்டின வண்டி நடுவுல மூச்சு வாங்கும். எல்லாரும் பாப்பாங்க."

"சிலிண்டர எப்ப தருவ?" என்று மறுபடி கேட்டார்.

வண்டியைக் கட்டி, புது டேங்க் வைத்து, குவாரிக்கு எடுத்துப்போன அன்று வெயில் நன்றாக ஏறியிருந்தது. பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள், முக்கால்வாசிப் பேர் அவரிடம் வண்டி விட்டவர்கள். யாரும் வணக்கம் சொல்லவில்லை. தங்கச்சி முகத்தில் களை திரும்பியிருந்தது. நன்றாகத் தூங்குகிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. முக்கு பங்க்கிலிருந்து வாங்கிவந்த சாதா பெட்ரோலை அவளே ஊற்றினாள். ஊற்றி முடிக்கும்வரை அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூடியை எடுத்துக் கொடுத்தவர் காதுக்காரர்தான்.

வண்டி கிளம்பியது. பாதிச் சரிவுவரை ஏறியது. அப்புறம் திணறியது, இரைந்தது, மேலே போக மறுத்தது. அவள் மெல்லத் திருப்பி இறக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். "காதுக்காரர் கதை முடிஞ்சுதுப்பா, கையும் போச்சு, காதும் போச்சு" என்றான் ஒருவன். அவள் பத்திரமாகத் தரையில் கால் ஊன்றும்வரை அவர் மூச்சுவிடவில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"அவர் வண்டி இப்படியா இருந்துச்சு? அன்னிக்குத்தான் கவனமில்லாம பண்ணிட்டீங்க. இதையாவது ஒழுங்கா பண்ணியிருக்கக் கூடாதா?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பண்ணியிருக்கலாம் பாப்பா" என்றார் காதுக்காரர். "எனக்கு வரல."